உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்களா? மதுரைச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

"உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதும் நான் நேராக மளிகைக் கடைக்குத்தான் போனேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் கண்ணில் பட, பிரச்சினை தீர்ந்தது என்று வாங்கி வந்துவிட்டேன். அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். ஐந்து வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல என்ன உப்பு போடுறீங்க?"

அந்த பாக்கெட்டில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருந்தார்கள். அப்பா சாப்பிடும் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்று அன்றுதான் தெரிந்தது. பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்திருக்கிறது. நான் முன்புறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உப்புக்கு மாற்று தேடி அலையாதீர்கள். அனுமதித்த கொஞ்ச உப்பை எங்கே போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1. கடைக்கு முன்னால் டாக்டர்

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஓ.பி. சீட்டு, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டு போனால் எழுத்துப் பிழையில் வேறு மருந்தாகிவிடும். அட்டையையே எடுத்துப் போங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? "குறைச்சுக்கங்க" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள், எண்ணாகக் கேளுங்கள்.

அந்த எண் உப்பா, சோடியமா? இதில் குழம்பாதவர்கள் குறைவு. உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம். 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. "ரெண்டு கிராம்" என்று டாக்டர் சொன்னது சோடியத்தை. நாங்கள் அதை உப்பு என்று எடுத்துக்கொண்டு, முதல் வாரம் அப்பாவை உண்மையிலேயே பட்டினி போட்டோம். வயது வந்தவர்களுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவு. நோய்க்குத் தக்கபடி உங்கள் அளவு மாறும். அப்பாவுக்குப் பிறகு 3 கிராம் உப்பு என்று தெளிவாக எழுதி வாங்கினோம்.

பொட்டாசியம் கலந்த உப்பு எனக்கு ஆகுமா? பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் மாத்திரைகளான டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது சாப்பிட்டாலோ, சிறுநீரகத்தில் கோளாறு இருந்தாலோ இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

உப்பை அடியோடு விடலாமா? பெரும்பாலும் "வேண்டாம்" என்பார்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குச் சோடியம் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றல், குழப்பம் வருவதுண்டு. வெயிலில் வேலை செய்பவர்கள் தங்கள் வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, கிரியாட்டினினும் எலக்ட்ரோலைட்டும் (சோடியம், பொட்டாசியம் பார்ப்பது) சேர்த்துத் தனியார் லேப்பில் சில நூறு ரூபாய் ஆகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் அரை நாள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

2. வீட்டு உப்புக் கணக்கு

இதற்குச் செலவே இல்லை. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று காலண்டரில் தேதியைக் குறியுங்கள், தீரும் அன்றும் குறியுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 600 கிராம்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 22 நாளில் தீர்ந்திருந்தது. தலைக்கு 11 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

அடுத்து ஒரு தராசு. 400 ரூபாய்க்குள் சமையலறைத் தராசு கிடைக்கும். அதில் ஒரு கிராம், இரண்டு கிராம் எல்லாம் சரியாக நிற்காது. அதனால் நான் 30 கிராம் உப்பை நிறுத்து, தட்டில் பரப்பி, பத்து சமபாகமாகப் பிரித்து, பத்துப் பொட்டலம் மடித்து வைக்கிறேன். நாளுக்கு ஒன்று. அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். காலையில் எடுக்கும்போதே அப்பா, "இன்னைக்கு ரேஷன் குடுத்தாச்சா?" என்பார்.

பொட்டலத்துக்கு அயோடின் கலந்த தூள் உப்பையே எடுங்கள். நாம் கைக்கு வந்தபடி அள்ளிப் போடும் கல் உப்பில் அளவு பிடிபடாது, பலவற்றில் அயோடினும் கிடையாது. தூள் உப்பையும் மிக்சியில் ஒரு சுற்று விட்டு மாவு மாதிரி ஆக்கிக்கொண்டால் நாக்கில் பட்டதும் கரைகிறது. அதே உப்பு கூடுதலாகத் தெரியும்.

3. ஒளிந்திருக்கும் உப்பைப் பிடிப்பது

ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வடகம், அப்பளம், காராச்சேவு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, நிறுத்திவிடுவீர்கள். என்னை ஏமாற்றியவை வேறு.

புளி. எங்கள் அம்மாச்சி காலத்திலிருந்து, கொட்டை எடுத்த புளியில் கல் உப்பைத் தூவித்தான் பானையில் அடைப்போம். கடையில் வாங்கும் பழைய புளியிலும் உப்பு இருக்கலாம். உப்பே போடாத குழம்பு உப்புக் கரிக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். "உப்பு போடாத புதுப் புளி" என்று கேட்டு வாங்கி, தனி டப்பாவில் வையுங்கள்.

வண்டு வராமல் இருக்க மிளகாய்த்தூளிலும் சில வீடுகளில் உப்பு கலந்து வைப்பார்கள். மில்லில் உங்கள் கண் முன்னால் அரைத்து வாங்குவதுதான் நிம்மதி. கடை இஞ்சி பூண்டு விழுது, பாக்கெட் இட்லிப் பொடி, பிரியாணி மசாலா, மாவுக்கடை இட்லி மாவு, மேசை வெண்ணெய், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் உப்பு உண்டு.

ஆப்ப சோடாவுக்கு உப்பு ருசி கிடையாது. ஆனால் ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். கடலை சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை போடும் பழக்கத்தை விடுங்கள். வயிறு உப்புசம் என்றால் தண்ணீரில் கலக்கி நுரை பொங்கக் குடிக்கும் பொடியும், நுரைத்துக் கரையும் காய்ச்சல் மாத்திரைகளும் இதே கதைதான். மருந்துக் கடையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

பாக்கெட் உணவின் பின்புறம் 100 கிராமுக்குச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் என்றால் 2 கிராம் உப்பு, அப்பாவின் பொட்டலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டுக் காட்டியதும் மிக்சர் பாக்கெட்டைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்.

4. மாற்று உப்பு என்று விற்பவை

இந்துப்பு: "இயற்கையானது, பிரஷருக்கு நல்லது" என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வார்கள். விலை பல மடங்கு. ஆனால் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதாவது சாதாரண உப்பேதான், வழக்கமாக அயோடினும் இருக்காது. கறுப்பு உப்பும் அப்படியே. ருசிக்கு வேண்டுமானால் வாங்குங்கள், ஆனால் அதே பொட்டலக் கணக்குக்குள்.

சோடியம் குறைந்த உப்பு: சாதாரண உப்பைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு விலை. சிலவற்றில் சோடியம் 15 சதவீதம்தான் குறைவு. "குறைஞ்ச உப்புதானே" என்று கூட ஒரு கிள்ளு போட்டால் அந்தக் குறைவு போய்விடும். எனக்குப் பட்ட அடியால் இதை எல்லோருக்கும் விஷம் என்று சொல்லமாட்டேன். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2025-ல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று சேர்த்தே சொன்னது. சிறுநீரகம் நன்றாக இருந்து, மாத்திரையும் ஒத்துவந்து, டாக்டரும் சரி என்றால் பயன்படுத்தலாம். அதிகம் போட்டால் லேசாகக் கசக்கும்.

அஜினமோட்டோ: இதில் உள்ள சோடியம் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்பைக் குறைத்துவிட்டு ஒரு சிட்டிகை சேர்த்தால் மொத்தம் குறையத்தான் செய்யும். எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை, அதனால் விட்டுவிட்டோம்.

5. கடைத்தெருவில் ஒரு காலை

கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் மொத்த விலைக்கு ஒட்டி வாங்கலாம். காலை பத்தரை, பதினொன்றுக்குள் போய்விடுங்கள், அப்புறம் லோடு வண்டிகளுக்கு நடுவே நடக்கவே முடியாது. நான் வாங்குவது மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, கறுப்பு எள், கட்டிப் பெருங்காயம், சுக்கு, கசகசா, உப்பில்லாத புளி. ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். உப்பு குறைந்த சமையலில் வாசனைதான் வேலை செய்ய வேண்டும், பழைய மிளகில் அது இருக்காது. முதல் மாதம் மசாலாச் செலவு கூடியது உண்மை. ஊறுகாய், நொறுக்குத் தீனிச் செலவு நின்றதில் அது சரிக்கட்டிவிட்டது.

காய்கறிக்கு மாட்டுத்தாவணி. எலுமிச்சை, சின்ன வெங்காயம், இஞ்சி, மல்லித்தழை, புதினா. கிடைக்கும் பருவத்தில் மாங்காய் இஞ்சியை விடாதீர்கள். பூண்டு மலைப்பூண்டாக இருந்தால் காரமும் மணமும் கூடுதல், விலையும்தான்.

6. சமைக்கும் முறை

முதல் விதி: வீடு முழுவதற்கும் உப்பில்லாமல் சமையுங்கள். உப்பைக் குறைக்க வேண்டியவரின் பங்கை எடுத்து வைத்துவிட்டு மற்றதில் உப்பு போடுங்கள். தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் பத்து நாளில் சலித்துவிடும், சாப்பிடுபவருக்கும் நோயாளிச் சாப்பாடு என்ற எண்ணம் வந்துவிடும்.

இரண்டாவது: பொட்டல உப்பைக் கொதிக்கும் குழம்பில் போடாதீர்கள். உள்ளே போய்க் கரைந்தால் இருக்கும் இடம் தெரியாது. சாப்பிடும் தட்டில், நாக்கில் முதலில் படும் பொருளின் மேல் தூவுங்கள். சாம்பார் உப்பில்லாமல் இருக்கட்டும், பொரியல் மேல் மட்டும் அரைச் சிட்டிகை. அடுத்தடுத்த வாயில் இரண்டும் கலந்து சரியாகிவிடுகிறது. எல்லாவற்றிலும் பாதி உப்பு போட்டால் எல்லாமே சப்பென்று இருக்கும். ஒன்றில் முழுதாகப் போட்டு மற்றதை வெறுமனே விடுவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது: உப்பு விட்டுப்போன இடத்தைப் புளிப்பும் வறுத்த மணமும் காரமும் சேர்ந்து பிடிக்க வேண்டும். மிளகாயை மட்டும் கூட்டினால் வயிறு எரியும், வாய்க்கு விளங்காது. நான் அந்தத் தப்பையும் செய்தேன்.

ரசம்: மிளகு, சீரகம், பூண்டைக் கொரகொரப்பாகத் தட்டுங்கள், மிக்சி வேண்டாம். தக்காளியை நன்றாக வதக்குங்கள், புளி பாதி அளவு போதும். நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். இதற்கு உப்பே தேவைப்படவில்லை. என் சமையலில் அப்பா முழு மனதாக ஒத்துக்கொண்ட முதல் பதார்த்தம் இதுதான்.

இட்லிப் பொடி: உளுந்து 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், வற்றல் மிளகாய் 12, எள் 2 ஸ்பூன், மிளகு 1 ஸ்பூன், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, தோலோடு பூண்டு 6 பல், நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நிறம் மாறும்வரை பொறுமையாக வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் உப்பில்லாத குறை உடனே தெரிந்துவிடும். உப்பு இல்லாததால் நாள்பட வராது, பத்து நாளைக்கு மட்டும் அரையுங்கள்.

இட்லி மாவு: ஆட்டி முடித்ததும் உப்பு போடும் முன் அவருக்கு ஒரு பாத்திரம் எடுத்துவிடுங்கள். உப்பில்லாமல் மாவு பொங்காது என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொன்னார். மதுரை வெயிலில் அது நம்மைவிட வேகமாகப் பொங்குகிறது. சீக்கிரம் புளித்துவிடும், அவ்வளவுதான். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தயிர்ச் சோறு: ஊறுகாய் இல்லாமல் தயிர்ச் சோறா என்று பெரிய சண்டை நடந்தது. மாங்காய் இஞ்சியைப் பொடியாக நறுக்கி, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்து வைத்தேன். சண்டை நின்றது. இதை ஊறுகாய் என்று நினைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். உப்பு இல்லை, கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் மூன்று நாள்.

கறியும் மீனும்: ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது போகாது. தயிர், இஞ்சி, பூண்டு, மஞ்சள் போட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, சின்ன வெங்காயத்தோடு நீர் வற்றிச் சுருளும் வரை வறுத்து, புதிதாகப் பொடித்த மிளகைத் தூவுங்கள். அடிப்பிடிக்கும் முன்னால் வரும் அந்தப் பழுப்பு நிறத்தில்தான் ருசி. பொட்டலத்தின் பெரும்பங்கை நான் ஞாயிறு மதியத்துக்கே ஒதுக்கிவிடுவேன். அயிரை மீன் என்றால் கல் உப்பு போட்டு உரசிக் கழுவும் பழக்கம் நமக்கு. உரசினால் தப்பில்லை, அதன் பிறகு நாலைந்து தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தக்காளி, புளி, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. உங்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

7. வெளியே போகும்போது

பரோட்டா, சால்னா, கறிதோசை இவற்றில் பேரம் பேச வழியில்லை. மாவிலும் உப்பு, குழம்பிலும் உப்பு. "உப்பு கம்மியா" என்று கேட்டால் தலையாட்டுவார்கள், அண்டாவில் ஏற்கெனவே போட்டது போட்டதுதான். மாதம் ஒருநாள் என்று வைத்துக்கொண்டு, அன்று வீட்டுப் பொட்டலத்தைத் தொடாமல் இருங்கள். இட்லிக் கடையில் நாலு சட்னி வைத்தால் ஒன்றை மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்.

மாங்காய் வண்டியில் மிளகாய்த்தூளோடு உப்பைக் கலந்தேதான் வைத்திருப்பார்கள், வெறும் மாங்காயாக வாங்குங்கள். அவித்த கடலையையும் உப்புத் தண்ணீரில்தான் அவிக்கிறார்கள். பருத்திப்பாலும் நுங்கும் கவலையில்லாதவை, பருத்திப்பாலில் கருப்பட்டியோ வெல்லமோ இருப்பதால் சர்க்கரை உள்ளவர்கள் யோசித்துக் குடியுங்கள். சித்திரைத் திருவிழாவில் தாகத்தோடு நிற்கும்போது நீர்மோரை நீட்டுவார்கள். அதில் நல்ல உப்பு இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருந்தால் வாங்கிக் குடிக்க மனம் போகாது.

கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சை மூடியை எடுப்பார். சோறு, பருப்பு, நெய், எலுமிச்சை. மற்ற கறிகளை இலையில் வாங்கிக்கொண்டு தொட்டுக்கொள்வதோடு சரி. "ஒண்ணும் சாப்பிடலையே" என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், "டாக்டர் உத்தரவு" என்றதும் விட்டுவிடுகிறார்கள்.

8. எத்தனை நாள் ஆகும்?

முதல் பத்து நாள் மோசம். "ஏத்தா, மண்ணு மாதிரி இருக்கு" என்று அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். வாதாடாதீர்கள், ரசத்தை ஊற்றுங்கள். முடிந்தால் ஒரே நாளில் குறைக்காமல், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் கொஞ்சமாக இறக்குங்கள். மூன்றாவது வாரம் புலம்பல் குறைந்தது. ஆறாவது வாரம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குதே" என்றார். அதே வீட்டுச் சாம்பாரை அதற்கு முன்னால் இரண்டு கரண்டி கேட்டு வாங்கியவர்.

நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: காலையில் ஒரே நேரத்தில் பார்த்த பிரஷர், காலைக்கடன் முடித்ததும் பார்த்த எடை, அன்று வெளியே சாப்பிட்டது. இதய நோயாளிக்கு இரண்டு மூன்று நாளில் எடை திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று பொருள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். பிரஷர் இறங்க ஆரம்பித்தால் நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள், அவர் குறைப்பார். உப்பு வகையை மாற்றினாலும் மாத்திரை மாறினாலும் அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று தேதி கேட்டு வாங்கி, உப்பு பாக்கெட் பிரித்த தேதியைக் குறித்த அதே காலண்டரில் குறித்துவையுங்கள்.